நெற்றியில் இருந்த ஃபைல்

திரும்ப எடுக்க முடியாது. எல்லா வழியும் பார்த்துவிட்டேன். அனுப்பிய மெயிலைப் பிடித்து நிறுத்தும் பட்டன் ஒன்று இருக்கத்தான் இருக்கிறது. ஆனால் அனுப்பின கையோடு அமுக்கினால்தான் அது வேலை செய்யுமாம். அத்தை அனுப்பியது மத்தியானம். இப்போது வீடே தூங்குகிறது. நான் சமையலறைத் தரையில் லாப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். வெளிச்சம் வெளியே போகக்கூடாது என்று கதவிடுக்கில் துண்டைச் சொருகியிருக்கிறேன். அவசரமாக டைப் பண்ணுகிறேன். ஒரு எழுத்தை அமுக்கினால் மூன்று விழுகிறது. அழித்து அழித்து எழுதுகிறேன். இந்தக் கடிதத்தை நீ முழுக்கப் படித்துவிட்டுத் திட்டு. பாதியில் திட்டாதே.

விஷயம் இதுதான். அத்தை தன் வேலைக்கான விண்ணப்பம் என்று நினைத்து வேறு ஒரு ஃபைலை அனுப்பிவிட்டாள். வேறு என்றால் ஏதோ வெற்றுத் தாள் இல்லை. மேடத்தைத் திட்டி எழுதியது. அது மேடத்துக்கே போய்விட்டது. அத்தைக்கு இது தெரியாது. நாளைக்குப் போட வேண்டிய நீல அங்கியைத் தேய்த்து ஆணியில் மாட்டிவிட்டு, அடித்துப் போட்ட மாதிரி தூங்குகிறாள்.

காரணம் நான். அது இன்னும் யாருக்கும் தெரியாது. இப்போது உனக்குத் தெரியும்.

உனக்கு என் அத்தையைத் தெரியாதல்லவா, சொல்கிறேன். அப்பாவின் அக்கா. எங்களோடுதான் இருக்கிறாள். அம்மா, அப்பாவோடு போடும் சண்டையையும் என்னோடு போடும் சண்டையையும் அவளிடம்தான் கொண்டுபோவாள். "அண்ணி, உங்க தம்பியக் கேளுங்க" என்று ஒரு தடவை, "அண்ணி, உங்க மருமகளக் கேளுங்க" என்று ஒரு தடவை. அத்தைக்குப் பிள்ளைகள் இல்லை. அதனால் பிறக்காத மகனுக்கு என்னைக் கட்டிவைத்து, விவரம் தெரிந்த நாளிலிருந்தே என்னை மருமகளே என்றுதான் கூப்பிடுவாள். "மாமியார் கொடுமைன்னா என்னன்னு காட்டவா?" என்று சொல்லிக்கொண்டே என் தட்டில் இன்னொரு கரண்டி போடுவாள்.

அவளுக்கு ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் வேலை. நான் பிறப்பதற்கு முன்னாலிருந்தே. வார்டு விரிப்புகள், ஆபரேஷன் தியேட்டர் துணிகள், நோயாளிகளின் அங்கிகள் எல்லாம் அவள் கைவழியாகத்தான் போகும், வரும். ஈர விரிப்பு எவ்வளவு கனம் என்று தூக்கிப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். தூக்கித் தூக்கி வலது தோள் போய்விட்டது. இனிமேல் தூக்கினால் கையே மேலே எழும்பாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதே சமயம் சலவைக்கூடத்தின் சூப்பர்வைசர் வேலை காலியானது. அது கிடைத்தால் அத்தை தூக்க வேண்டாம், பார்த்துக்கொண்டால் போதும். கிடைக்காவிட்டால் வீட்டில் உட்கார வேண்டியதுதான். உட்காருவதா, அவளா? லீவு நாளில் சும்மா இருக்க முடியாமல் ஜன்னல் திரைகளைக் கழற்றித் துவைக்கிற ஆள் அவள்.

ஒரே ஒரு தடை. விண்ணப்பத்தைக் கையால் எழுதித் தந்தால் வாங்கமாட்டார்களாம். இனி சூப்பர்வைசர் எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில்தான் எழுத வேண்டும், அதனால் விண்ணப்பமும் டைப் பண்ணி மெயிலில் வர வேண்டும் என்று உத்தரவு. அத்தைக்குக் கம்ப்யூட்டர் என்றால் தூசி தட்டுகிற பொருள். அவ்வளவுதான்.

இப்படித்தான் எங்கள் சாப்பாட்டு மேஜையில் வகுப்பு ஆரம்பமானது. ஞாயிற்றுக்கிழமைகளில். மாணவர்கள் இரண்டு பேர். ஒன்று அத்தை. இன்னொன்று அவளோடு வேலை செய்யும் இஸ்திரி அண்ணன். அவருக்கு விண்ணப்பமெல்லாம் ஒன்றும் இல்லை. "சும்மா கத்துக்கலாமேன்னுதான்" என்று வந்தார். வந்ததும் மவுஸைப் பிடித்து, உடம்பு பாரம் முழுவதையும் அதன்மேல் இறக்கி, மேஜை முழுக்க முன்னும் பின்னும் தள்ளினார்.

"அண்ணே, அது சூடாகாது" என்றேன்.

"பழக்க தோஷம்மா. கைக்குக் கீழ எதாச்சும் இருந்தா அமுக்கிடுது."

"கையை எடுடா, மேஜை தீயுது" என்றாள் அத்தை.

"நீ மட்டும் என்ன? ஒவ்வொரு எழுத்தையும் கரப்பான்பூச்சிய அடிக்கிற மாதிரி அடிக்கிற."

உண்மைதான். அத்தை ஒரே விரலால் டைப் பண்ணுவாள். விரலை உயரத் தூக்கி, கீழே தேடி, கிடைத்ததும் ஓங்கி ஒரு அடி. அடித்துவிட்டு, செத்ததா என்று ஸ்க்ரீனைப் பார்ப்பாள்.

ஆனால் மூளை வேகம். நான் புத்தகத்தில் இருப்பதை ஒப்பித்தால் தலையில் ஏறாது. அவளாக ஒரு கணக்குப் போட்டுக்கொள்வாள், அதற்குப் பிறகு மறக்கமாட்டாள்.

"ஃபைல்னா மூட்டை. சரியா?"

"சரி அத்தை."

"டைப் பண்றது துவைக்கிறது. சேமிக்கிறது மடிக்கிறது. மெயில்ல போடறது ட்ராலில ஏத்தி வார்டுக்குத் தள்ளுறது."

"அத்தை, நீ எனக்கே சொல்லிக் குடுக்கலாம் போல."

"பின்ன? மாமியாருன்னா சும்மாவா?"

சிக்கல் அந்தக் கணக்கில்தான் இருந்தது. எனக்கு அப்போது தெரியவில்லை. சேமித்த ஃபைலைத் திறந்து ஒரு தடவை படித்துப் பார்க்கச் சொன்னேன். அவள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"மடிச்சதை எதுக்குடி பிரிக்கணும்?"

"சரியா இருக்கான்னு பாக்க."

"தியேட்டருக்குப் போற துணிய மடிச்சுக் கட்டி சீல் வெச்சாச்சுன்னா, அதை ஆபரேஷன் பண்ற எடத்துலதான் பிரிக்கணும். நடுவுல யாராச்சும் பிரிச்சுப் பாத்தா அது அழுக்கு. திரும்பத் துவைக்கப் போட்டுடுவோம். பாத்தவ கை சுத்தமா இருந்தாலும் சரி."

"அத்தை, இது துணி இல்ல."

"எல்லாம் துணிதான். தொறந்தா எதாச்சும் ஒண்ணு பட்டு அழிஞ்சிடும். என் விரலை எனக்குத் தெரியும்."

இஸ்திரி அண்ணனும் தலையாட்டினார். "பிரிக்கக்கூடாதும்மா. அது தப்பு." இரண்டு பேரும் ஒரே குரலில் சொன்னால் நான் என்ன செய்வது? விட்டுவிட்டேன். ஆக, அத்தை ஒரு ஃபைலை மூடினால் மூடினதுதான். மறுநாள் எழுத வேண்டுமானால் புதிதாக ஒன்று.

பெயரும் வைக்கமாட்டாள். சேமிக்கும்போது கம்ப்யூட்டர் பெயர் கேட்கும் அல்லவா? அத்தை என்டரைத் தட்டிவிடுவாள். அதுவாகவே ஆவணம் 1, ஆவணம் 2, ஆவணம் 3 என்று போட்டுக்கொள்ளும். "மூட்டைக்கு யாராச்சும் பேர் வெப்பாங்களா? எங்க வெச்சோம்னு தெரிஞ்சா போதாதா?" என்றாள்.

எங்கே வைத்தாள் தெரியுமா? என் முகத்தில்.

லாப்டாப்பைத் திறந்தால் முழு ஸ்க்ரீனுக்கும் என் ஃபோட்டோதான் வரும். அத்தை கேட்டுப் போடவைத்தது. சின்னப் பிள்ளையாக, முன்பல் விழுந்த வாயோடு, சலவை ட்ராலிக்குள் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருப்பேன். அந்த முகத்தின்மேல் ஒவ்வொரு ஃபைலையும் மவுஸால் பிடித்து இழுத்துக்கொண்டுபோய் ஓரிடத்தில் வைப்பாள். டைப் பழகினதெல்லாம் வலது கன்னத்தில். இஸ்திரி அண்ணன் எழுதி அனுப்பும் அறுவை ஜோக்குகள் காதில், "அவன் சொல்றதெல்லாம் காதோட போகட்டும்." கோபமாக எழுதினவை விழுந்த பல்லின் ஓட்டையில். "பல்லைக் கடிச்சுக்கிட்டு இருந்ததெல்லாம் அங்கதான்டி இருக்கணும்." விண்ணப்பம் மட்டும் நெற்றியில், தனியாக. "தலையெழுத்தை வேற எங்க வெக்கறது?"

கோபமாக எழுதுவதும் நான் சொல்லிக்கொடுத்ததுதான். விரல் பழக வேண்டும், தினமும் நாலு வரி எழுது என்றேன். என்ன எழுத என்றாள். யாரிடமாவது சொல்ல நினைத்து சொல்லாமல் விட்டதை எழுது என்றேன். வாயைத் திறந்திருக்கக்கூடாது. அன்று ஆரம்பித்தது. வேலை முடிந்து வந்ததும் காலைக்கூடக் கழுவாமல் உட்கார்ந்து மேடத்துக்கு எழுதுவாள். மேடம் என்றால் ஆஸ்பத்திரியில் சலவை, சமையல், துப்புரவு எல்லாவற்றுக்கும் மேலே இருக்கும் அதிகாரி. அத்தையின் விண்ணப்பம் போக வேண்டியதும் அவருக்குத்தான்.

எழுதினதை எங்களுக்குச் சத்தமாகப் படிப்பாள். அப்புறம் மூடி, பல் ஓட்டையில் போட்டுவிடுவாள். "மேடம், உங்க ரூம்ல ஏசி ஓடுது. எங்க ரூம்ல நாங்க ஓடுறோம்." இதைக் கேட்டு அம்மாவுக்குப் புரையேறி, அப்பா அவள் தலையைத் தட்ட வேண்டியதாயிற்று. விரல் வேகமும் கூடியது. கோபத்துக்கு நிகரான டைப் மாஸ்டர் உலகத்தில் இல்லை.

விண்ணப்பத்தைப் போன ஞாயிற்றுக்கிழமை ஒரே மூச்சில் முடித்தோம். அத்தை வாயால் சொன்னாள். நான் அதை 'நல்லா' மாற்றிச் சொன்னேன். அவள் அந்த நல்லதை ஒரு விரலால் அடித்தாள். 'மேற்கண்ட பணியினைத் திறம்பட ஆற்றவல்லேன் எனப் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன்.' என் கட்டுரை வாத்தியார் பார்த்தால் கண்ணீர் விடுவார். அத்தை கடைசியில் எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு, என் பக்கம் திரும்பினாள்.

"யாருடி இவ? ரொம்ப நல்ல மனுஷியா இருக்காளே."

"நீதான் அத்தை."

"நானா? சரி, இருந்துட்டுப் போறேன்."

மூடினாள். நெற்றியில் வைத்தாள்.

இனிமேல்தான் என் கதை. நேற்று பள்ளிக்கூட வேலைக்காக லாப்டாப்பை எடுத்தேன். என் முகமே தெரியவில்லை, அம்மை போட்ட மாதிரி எங்கும் ஃபைல். ஒழுங்குபடுத்திக் கொடுத்தால் அத்தை சந்தோஷப்படுவாள் என்று நினைத்தேன். சத்தியமாக அவ்வளவுதான். வரிசையாக அடுக்கு என்று ஒரு கட்டளை இருக்கிறது பார், அதைக் கொடுத்தேன். கண்மூடித் திறப்பதற்குள் எல்லாம் இடது ஓரத்தில் அசெம்பிளியில் நிற்கிற மாதிரி நின்றன. ஆவணம், ஆவணம், ஆவணம். எல்லாம் ஒரே வெள்ளைத் தாள், ஒரே பெயர், நம்பர் மட்டும் வேறு. என் முகம் பளிச்சென்று இருந்தது.

அப்போதுதான் உறைத்தது. எது எங்கே இருந்தது?

திறந்து பார்த்து வைத்திருக்கலாம். ஆரம்பித்தேன், இரண்டைத் திறந்தேன். கன்னத்தில் இருந்தவை. அதற்குள் அத்தை தண்ணீர் குடிக்க வந்துவிட்டாள்.

"என்னடி என் மூட்டையைக் கிளறுற?"

"இல்லத்தை, ஹோம்வொர்க்."

லாப்டாப்பைப் பாதி மூடிக்கொண்டேன். அவள் போனதும் அவசர அவசரமாக ஒரு யோசனை செய்தேன். கடைசி நம்பர் எதுவோ அதுதான் கடைசியாக எழுதியது. கடைசியாக எழுதியது விண்ணப்பம். கடைசி நம்பரை நெற்றியில் வைத்தேன். மிச்சத்தைக் காதுக்கும் கன்னத்துக்கும் பல்லுக்குமாகக் கைக்கு வந்தபடி இறைத்தேன். தூரத்திலிருந்து பார்த்தால் பழைய மாதிரியே இருந்தது. அப்பாடா என்று இருந்தது எனக்கு.

விண்ணப்பம் முடிந்த பிறகும் அத்தை கோபப்படுவதை நிறுத்தவில்லை என்பது எனக்கு ஏன் தோன்றவில்லை?

இன்று அத்தைக்குக் காலை ஷிஃப்ட். மத்தியானம் வீட்டுக்கு வந்து, மெயில் ஜன்னலைச் சின்னதாக்கி ஓரமாக வைத்து, என் நெற்றியில் இருந்ததைப் பிடித்து இழுத்துக்கொண்டுபோய் மெயிலில் போட்டு அனுப்பிவிட்டாள். அப்படி இழுத்துப் போடச் சொல்லிக்கொடுத்ததும் நான்தான். பள்ளிக்கூடத்தில் சாப்பாட்டு மணி அடித்திருந்தது, எனக்கு ஃபோன் வந்தது.

"மருமகளே! போயிடுச்சுடி! உய்யுனு ஒரு சத்தம் வந்துச்சு, நல்ல சத்தம்தானே அது?"

"நல்ல சத்தம்தான். அத்தை, தொறந்து பாத்தியா?"

"மடிச்சதை எதுக்குடி பிரிக்கணும்?"

"சும்மா, ஒரு தடவ..."

"உன் நெத்தி மேலேருந்து நானே என் கையால எடுத்துப் போட்டேன். தப்பாகுமா?"

டிபன் பாக்ஸைச் சாப்பிடாமலே மூடினேன். ஆனாலும் சரியாகத்தான் இருக்கும் என்று என்னையே சமாதானம் செய்துகொண்டேன். சாயங்காலம் இஸ்திரி அண்ணன் வந்தார். அத்தையை நிற்கவைத்து, "சூப்பர்வைசர் அம்மா, ஒரு லீவு வேணும்" என்று கும்பிட்டார். "இன்னைக்கே ஆரம்பிச்சிட்டியா? கிடையாது, போ" என்றாள் அத்தை. எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். எல்லோரும் படுத்த பிறகு மெயிலைத் திறந்து, அனுப்பியதைப் பார்த்தேன்.

உனக்கு அதை அப்படியே எடுத்து எழுதுகிறேன். எழுத்துப்பிழையை மட்டும் திருத்தியிருக்கிறேன்.

"மேடம். இன்னிக்கி புதுசா வந்த பொண்ணுக்கு ஊசி குத்திடிச்சி. தியேட்டர் துணிக்குள்ள யாரோ ஊசிய அப்பிடியே விட்டு சுருட்டி அனுப்பிட்டாங்க. நீங்க ஆள் அனுப்பி யாருக்குக் குத்திச்சின்னு கேட்டீங்க. எங்கேந்து வந்துச்சின்னு கேக்கல. அவ எத்தன நாளா வேலைல இருக்கான்னு கேட்டீங்க. கையொற ஏன் கிழிஞ்சி இருந்துச்சின்னு கேக்கல. அந்தப் பொண்ணு அழல. அதான் எனக்கு பயமா இருக்கு. நாங்களும் மொதல்ல அழல மேடம், அப்பறம் பழகிடிச்சி. இஸ்திரி ரூம்ல ஃபேன் ஓடல. அவன் மயங்கி விழுந்தான். எழுந்ததும் மொத வேலையா விரிப்பு தீஞ்சிடிச்சான்னுதான் பாத்தான். உங்களுக்கு வர்ற விரிப்பு வெள்ளையா இருக்கும். அது எப்பிடி வெள்ள ஆச்சின்னு ஒரு நாள் வந்து பாருங்க. வந்தா உக்கார நாற்காலி இல்ல. நின்னுக்கிட்டே பாருங்க. நாங்க அப்பிடித்தான் பாக்கறோம்."

அவ்வளவுதான். கீழே பெயர் இல்லை. ஆனால் மெயில் அத்தையின் பெயரில்தானே போயிருக்கிறது?

இதை அவள் எங்களுக்குப் படித்துக் காட்டவில்லை. செவ்வாய்க்கிழமை எழுதியிருக்கிறாள். அன்று வந்ததும் தலைவலி என்று சொன்னது இப்போதுதான் ஞாபகம் வருகிறது. நான் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தேன். பக்கத்து அறையில் டக், டக் என்று சத்தம் கேட்டது. கரப்பான்பூச்சி அடிக்கிறாள் என்று நினைத்துச் சிரித்துக்கொண்டேன்.

முதலில் வேலை போய்விடும் என்றுதான் பயந்தேன். சூப்பர்வைசர் வேலை இல்லை, இருக்கிற வேலை. ஒவ்வொரு ஃபைலாகத் திறந்து தேடினேன், உண்மையான விண்ணப்பம் கிடைத்தது. கன்னத்தில் போட்டிருக்கிறேன், பாவி நான். 'மன்னிக்கவும், தவறான ஃபைல் போய்விட்டது, சரியானது இதோ' என்று உடனே அனுப்பலாம், மேடம் இன்னும் பார்த்திருக்கமாட்டார் என்று டைப் பண்ண ஆரம்பித்தேன். பாதியில் டிங் என்று ஒரு சத்தம். மேடத்திடமிருந்து பதில்.

"படித்தேன். இதை எழுதியது நீங்கள்தானா? நாளைக் காலையில் தேர்வுக் குழு உட்காரும் முன் எனக்குத் தெரிய வேண்டும். பதில் எழுதுங்கள்."

இவ்வளவுதான். இதைக் கோபமாகப் படித்தால் கோபமாக இருக்கிறது. மெதுவாகப் படித்தால் வேறு மாதிரி இருக்கிறது. பாராட்டப் போகிறவர் இப்படிக் கேட்பாரா? சீட்டைக் கிழிக்கப் போகிறவர் ராத்திரி உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பாரா? வாய்க்குள் முணுமுணுத்துப் பார்த்தேன், சிரித்துக்கொண்டு சொல்லிப் பார்த்தேன், மூக்கை உயர்த்திச் சொல்லிப் பார்த்தேன். ஒன்றும் பிடிபடவில்லை.

நான் கோழை என்று உனக்குத்தான் தெரியுமே. அத்தையின் பாஸ்வேர்டு எனக்குத் தெரியும், நான் வைத்ததுதான். அவள் பெயரில் ஒரு பதில் எழுதினேன். "மன்னிக்கவும் மேடம். அதை எழுதியது நானில்லை. வீட்டில் இருக்கும் சின்னப் பெண் விளையாட்டாக எழுதி வைத்திருந்தது தவறுதலாக வந்துவிட்டது. என்னுடைய விண்ணப்பம் இத்துடன் உள்ளது." விண்ணப்பத்தையும் இணைத்தேன். அனுப்ப வேண்டியதுதான் பாக்கி. பழி எனக்கு, வேலை அத்தைக்கு. நல்ல கணக்கு.

விரல் போகவில்லை.

யோசித்துப் பார். அத்தை எழுதியதை நான் எழுதினேன் என்று சொல்லப்போகிறேன். நான் எழுதியதை அத்தை எழுதினாள் என்று சொல்லப்போகிறேன். அந்த 'ஆற்றவல்லேன்' மனுஷி நாளைக்கு சூப்பர்வைசர் ஆவாள். ஊசி எங்கேயிருந்து வந்தது என்று கேட்டவள் விளையாட்டுப் பிள்ளையாகிவிடுவாள். ஒரு விரலால் அத்தை எழுதியதிலேயே உருப்படியானது இதுதான். இவ்வளவு நீளமாக, யார் உதவியும் இல்லாமல். நான் அவளுக்குச் சொல்லிக்கொடுத்ததெல்லாம் இதற்காகத்தானே?

லாப்டாப்பை வைத்துவிட்டு அத்தை படுத்திருக்கும் அறைக்குப் போனேன். அவள் இடது பக்கம் ஒருக்களித்துப் படுத்திருந்தாள், நல்ல தோள் அது. பக்கத்தில் உட்கார்ந்தேன். எழுப்பவில்லை, ஆனாலும் அவளுக்குத் தெரிந்துவிட்டது.

"இன்னும் தூங்கலையாடி?"

"தூக்கம் வரல. அத்தை, மேடம் எப்படிப்பட்டவங்க?"

"யாரு கண்டா."

"கெட்டவங்களா?"

"ஒருநாளும் எங்க ரூம் பக்கம் வந்ததில்ல. கெட்டவங்கன்னு தெரிஞ்சா திட்டிக்கிட்டு இருப்பேனா? பேசாம ஒதுங்கிப் போயிடுவேன். தெரியல, அதான் திட்டுறேன்."

"எதிர்ல நின்னா சொல்லுவியா? நீ எழுதினதெல்லாம்?"

அத்தை கண்ணைத் திறக்காமலே சிரித்தாள். "எதிர்ல நின்னா எனக்கு வாய் ஒட்டிக்கும்டி. அதுக்குத்தானே உன் பல்லு ஓட்டை."

"ஊசி குத்துச்சே, அந்தப் பொண்ணு எப்படி இருக்கா?"

சிரிப்பு நின்றது. "அதை யாரு உனக்குச் சொன்னா?"

"நீதான்... என்னமோ சொன்னியே."

"சொன்னேனா? ரத்தம் எடுத்துருக்காங்க, முடிவு வரணும். நாளைக்கு நான் மட்டும் அந்த நாற்காலில உக்காந்தேன்னு வையி, மொத வேலையா அந்தத் தியேட்டர் ஆளுங்களக் கூப்பிட்டு..." கொட்டாவி வந்துவிட்டது. "பணிவுடன் தெரிவிச்சுக்குவேன். போய்ப் படு."

அவள் கை என் தலையைத் தேடி வந்து, தடவிவிட்டு, அப்படியே அங்கேயே தூங்கிப்போனது. சோப்பு வாசனை அடிக்கிற கை. எழுந்தால் அவள் விழித்துவிடுவாள் என்று ரொம்ப நேரம் அசையாமல் உட்கார்ந்திருந்தேன். 'அத்தை, அது போயிடுச்சு' என்று மூன்று சொல். மூன்றும் நாக்கு வரைக்கும் வந்தன.

சொன்னால் அவள் பதறிப்போவாள். அதற்காக மட்டும் பயப்படவில்லை. பதறிப்போய், "ஐயோ, நான் எழுதலைன்னு போட்டுடுடி" என்று அவளே சொல்லிவிட்டால்? அதற்குப் பிறகு இந்தப் பெட்டியையே தொடமாட்டாள். அந்த டக், டக் சத்தம் இந்த வீட்டில் கேட்காது. இல்லை, எழுந்து உட்கார்ந்து, "நான்தான் எழுதினேன்" என்று போட்டுவிட்டு, நாளைக்கு அந்த நீல அங்கியைக் கழற்றிக் கொடுத்துவிட்டு வந்துவிட்டால்? அதற்கும் காரணம் முகத்தைச் சுத்தம் செய்யப் போன நான்தானே?

நீ என்ன சொல்வாய் என்று எனக்குத் தெரியும். கேள்வி உன்னைக் கேட்டதில்லை, அவளைக் கேட்டது, எழுப்பு என்பாய். சரிதான். நான் எழுதிய அந்தப் பொய்ப் பதிலை எழுத்து எழுத்தாக அழித்துவிட்டேன். இப்போது அங்கே மேடத்தின் கேள்வி மட்டும் இருக்கிறது, கீழே வெள்ளையாகக் காலி இடம், அதில் அந்தச் சின்னக் கோடு மின்னி மின்னி நிற்கிறது. லாப்டாப்பை எடுத்துக்கொண்டு போய் அத்தையை எழுப்பி, கண்ணாடியை மாட்டிவிட்டு, இதை அவள் மடியில் வைக்கப்போகிறேன்.

வைத்தால், அந்த ஒற்றை விரல் மேலே எழுந்து, என்ன எழுத்தைத் தேடும்?